பைகளுக்குக் காவல் இருந்தவள்

பினாங்குக்கு வந்த முதல் வாரமே கடல் எனக்குப் பழகிவிட்டது, கண்ணுக்கு மட்டும். கெலுகோரில் மகன் எடுத்திருந்த வீடு பதினைந்தாம் மாடியில் இருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கடலும் அதன்மேல் போகிற நீளப் பாலமும் தெரியும். வெங்காயம் நறுக்கும்போதும் கடல், பாத்திரம் கழுவும்போதும் கடல்.

நான் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் திருச்செங்கோட்டுப் பக்கம். அங்கே தண்ணீர் என்றால் கிணறு. கோடையில் அதுவும் பாறையோடு பாறையாகக் கிடக்கும். கடலை முதன்முதலில் பார்த்ததே இங்கே வரும்போது விமான ஜன்னல் வழியாகத்தான். அப்போதே மனதுக்குள் ஓர் ஆசை புகுந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் முழங்கால் முட்டும் இறங்கி நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

என் வீட்டுக்காரர் போன பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் என்னை இங்கே அழைத்து வந்தான். அவனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. மருமகள் சென்னைப் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். பேத்தி இரண்டாம் வகுப்பு. வாரத்தில் ஐந்து நாளும் யாரும் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை. அதற்கெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை வெளியே போவோம்.

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா இது என்னைக்கும் நம்ம ஊரா ஆகாது அத்தை. நாலு இடம் சுத்தணும்" என்பாள் மருமகள். நல்ல பேச்சுத்தான். நானும் சனிக்கிழமை ராத்திரியே சேலையை மடித்து எடுத்து வைப்பேன்.

முதல் ஞாயிறு பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனோம். மர நிழலில் ஒரு பெஞ்சு. துண்டு, மாற்றுத்துணி, செருப்பு, கைபேசி, கார் சாவி எல்லாம் பைபையாகப் பெஞ்சுமேல் இறங்கின. மகன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டான்.

"நீயும் தண்ணிக்கு வர்றியாம்மா?"

"வேண்டாங் கண்ணு, நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டால் அது கூப்பிட்டதாகாது. விருந்துக்கு அழைத்தாலும் சரி, பந்தியில் இன்னொரு தோசை வைக்க வந்தாலும் சரி, முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை அட வாங்க என்பார்கள், அப்போது பேசாமல் இருக்கலாம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்போது எழுந்திருக்க வேண்டும். முதல் தடவையிலேயே எழுந்துவிட்டால் அதற்காகவே காத்துக்கிடந்தவள் என்று ஆகிவிடும். என் மகன் இந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான். சித்தி வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் போய் இப்படி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே வயிறு முட்டச் சாப்பிட்டவன்.

அவன் "சரிம்மா" என்றான். அவ்வளவுதான். "எப்படியும் ஒரு ஆள் பைகிட்ட இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓடினான்.

அடுத்த வாரம் கேட்பான் என்று இருந்தேன். அடுத்த வாரம் கேள்வியே இல்லை. பைகளை என் மடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பைகளுக்கு நான்தான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனால் அவர்கள் படியேறினார்கள், நான் அடிவாரத்தில் செருப்புகளோடு உட்கார்ந்தேன். "அத்தைக்கு முழங்கால் வலி" என்று மருமகள் யாரிடமோ சொன்னாள். கிணற்றுப் படியில் குடத்தோடு ஏறி இறங்கிய முழங்கால் இது. ஒரு நாளும் வலித்ததில்லை. பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் தின்னப் போனால் அவர்கள் தோப்புக்குள் போனார்கள், நான் காரில் பைகளோடு இருந்தேன். "அத்தைக்கு அந்த வாசம் ஆகாது" என்றாள். வாசம் எனக்கு ஆகுமா ஆகாதா என்று எனக்கே தெரியாது, பக்கத்தில் போனால்தானே.

வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். பெற்ற பிள்ளையிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்ச எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஞாயிறையும் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

கடற்கரையில் ஓர் அம்மா கச்சாங் பூத்தே விற்பார். கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் வறுத்துக் காகிதத்தில் சுற்றித் தருவதற்கு இங்கே அந்தப் பெயர். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டியிருப்பார். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டித் தீவுக்கு வந்தவராம். என் வயதில் பாதிதான் இருக்கும். வாய் மட்டும் இரண்டு பேருக்கு ஆகும்.

"என்னாம்மா, இன்னிக்கும் நீங்கதான் ஜாகாவா?" என்றார் ஒரு நாள். ஜாகா என்றால் காவல்காரர்.

நான் சிரித்து வைத்தேன்.

"நானும் பாக்குறேன், வர்றப்பல்லாம் இதே பெஞ்சு. சம்பளமாச்சும் குடுக்குறாங்களா, இல்ல ஓசி ஜாகாவா?"

"அவங்க சின்னப்பிள்ளைங்க, விளையாடட்டுமுங்க."

"ஒங்க மவனா சின்னப்புள்ள? தலையில பாதி முடியக் காணோம் லா!" என்று இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஒட்டுகிற 'லா'வோடு சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் கடலையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க, பாத்திரம் கழுவும்போதெல்லாம், மகனுடைய முடியை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். நல்ல சிரிப்பு இல்லை அது.

அப்புறம் சம்பந்தியம்மா வந்தார்.

மருமகளின் அம்மா. சென்னையில் பெரிய ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். வந்த அன்றே ஊரை வாங்கியவர் மாதிரிப் பேசினார். வீட்டில் எந்த அலமாரியில் எது இருக்க வேண்டும் என்பதையும் மாற்றினார். சாப்பிட உட்கார்ந்தால் போதும், சென்னையில் எந்தத் தெருவில் எவள் கழுத்துச் சங்கிலி எப்படிப் பறிபோனது என்று ஆரம்பித்துவிடுவார். தன் நகைகளை இடுப்பில் ஒரு சின்னப் பையில் கட்டிக்கொண்டுதான் தூங்கினார். அவருக்கு உலகத்தில் பயம் என்றால் அது ஒன்றுதான்.

அவரைக் கடலுக்கு யாரும் மூன்று தடவை கூப்பிடவில்லை. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. காரை விட்டு இறங்கியதும் தன் கைப்பையை என் மடியில் போட்டார். "சம்பந்தியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, அமைதியா உக்காந்திருந்தா போதும் அவங்களுக்கு" என்று எனக்காக அவரே பேசிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கிவிட்டார். என் தண்ணீருக்குள். அங்கிருந்து கையை ஆட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பதிலுக்குத் தலையை ஆட்டினேன்.

தாவரத் தோட்டத்துக்குப் போன ஞாயிறுதான் எல்லாவற்றுக்கும் வினை. அங்கே குரங்குகள் அதிகம். நான் வழக்கம்போல ஒரு கல் பெஞ்சில், பைகள் சுற்றிலும். சம்பந்தியம்மா சென்னையிலிருந்து கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒரு பைக்குள் இருந்தது. ஒரு பெரிய குரங்கு வந்து நேராக அந்தப் பையில் கையைவிட்டது. நான் குடையால் அடித்தேன். அது குடையைப் பிடித்தது. அது இழுக்க, நான் இழுக்க, கடைசியில் குடையை எனக்குக் கொடுத்துவிட்டுச் சிப்ஸை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. என் முன்கையில் நகம் கீறி ரத்தம் வந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் முந்தானையால் கையை அழுத்திக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மா முதலில் பையைத்தான் பார்த்தார்.

"அடடா, அங்கேருந்து பத்திரமா தூக்கிட்டு வந்தேனே! ஒரு பையக்கூடவா உங்களால பாத்துக்க முடியல? இதுக்குத்தானே உக்கார வெச்சிருக்கு?"

சுற்றிலும் ஆட்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவன் மரத்தின்மேல் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிற குரங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். "அம்மாவையே ஏமாத்திருச்சு பாரேன்!"

கீறல் சீக்கிரம் ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பு ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

அன்றிலிருந்து சம்பந்தியம்மாவுக்கு முந்தின நாள் டிகாஷனில்தான் காபி. அவர் சேலையைப் பால்கனியில் எந்தப் பக்கம் காயப்போட்டால் பறவை எச்சம் விழும் என்று பார்த்து அந்தப் பக்கமே போட்டேன். ஆனால் இதெல்லாம் எனக்குப் போதவில்லை.

அடுத்த தடவை கடற்கரைக்குப் போனபோது கச்சாங் பூத்தே அம்மா என் கையிலிருந்த வடுவைப் பார்த்துக் கேட்டார். இங்கே வந்து நான் ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அந்தம்மா ஒரு நாளாச்சும் ஜாகா பாத்திருக்கா?"

"அவங்க எதுக்குங்க உட்காருவாங்க?"

"உக்காரலன்னா உக்கார வைக்கணும் லா. சும்மா கெடக்குற ஆளு எந்திரிக்காம இருக்கணும்னா, அது கையில எதயாச்சும் குடுக்கணும். கொழந்தயக் குடுத்தா ஓட முடியுமா?"

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு காலை குளித்துவிட்டு என் கழுத்துச் சங்கிலியையும் தோட்டையும் வளையலையும் கழற்றி அரிசி டப்பாவுக்குள் அடியில் புதைத்தேன். என் வீட்டுக்காரரின் பழைய கைக்குட்டை ஒன்றை எடுத்தேன். அதில் வைக்க வேண்டியதை வைத்து, முடிச்சுமேல் முடிச்சாக, பல்லால் கடித்து இறுக்கினேன். கைப்பிடி அளவு இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு காரில் ஏறினேன்.

அன்றைக்குப் பத்து பெரிங்கியில் வாழைப்பழம் மாதிரி நீளமான ரப்பர் படகில் போவதாக ஏற்பாடு. படகுக்காரன் வந்து எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டினான். ஆரஞ்சு நிறம். சம்பந்தியம்மாதான் முதல் ஆளாக மாட்டிக்கொண்டு, வாரெல்லாம் இழுத்துக் கட்டிக்கொண்டு, என் பக்கத்தில் கைப்பையை வைக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து முடிச்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டேன்.

"சம்பந்தியம்மா, இதக் கொஞ்சம் பாத்துக்கங்க. பத்திரமுங்க."

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். அப்புறம் என் கழுத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயோ, இதையெல்லாம் யாராவது இங்க எடுத்துட்டு வருவாங்களா? எத்தனை சவரன்?"

நான் பதில் சொல்லவில்லை. நான் எப்போதுமே பதில் சொல்லாதவள் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

"நீங்க எங்க போறீங்க?"

"கடலுக்குங்க."

மருமகள் குறுக்கே வந்தாள். "அத்தை, அம்மா போட்ல போகணும்னு ஆசையா வந்திருக்காங்க..."

நான் மருமகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னேன். "எப்படியும் ஒரு ஆள் பைகிட்ட இருக்கணும்ல கண்ணு?"

நான் செருப்பைக் கழற்றிச் சம்பந்தியம்மாவின் காலுக்குப் பக்கத்தில் ஜோடியாக விட்டுவிட்டு நடந்தேன்.

மணல் சுட்டது. பிறகு ஈரமானது. பிறகு கடல் வந்து காலைத் தொட்டது. குளிர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன், வெதுவெதுப்பாக இருந்தது, பிள்ளை பெற்றவளுக்கு விளாவி வைத்த தண்ணீர் மாதிரி. அலை திரும்பிப் போகும்போது காலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போனது. விழப்போனேன். பேத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பத்தா, குதி! அலை வரும்போது குதிக்கணும்!" குதித்தேன். முழங்கால் முட்டும் என்று நினைத்துப் போனவள் இடுப்பு முட்டும் நனைந்துவிட்டேன். சேலை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு மிதந்தது. வாயில் உப்பு. ரப்பர் படகு மற்றவர்களோடு போய் வந்தது, சம்பந்தியம்மாவின் இடம் காலியாக.

நடுநடுவே கரையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெஞ்சில் ஆரஞ்சுச் சட்டையோடு, இரண்டு கையாலும் முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். சட்டையின் வாரை அவிழ்க்கக்கூட ஒரு கை ஒழியவில்லை போலிருக்கிறது. நிழல் நகர்ந்து போய்விட்டது. அவரால் நகர முடியவில்லை, அத்தனை பைகள். வா வா என்று தலையை ஆட்டிக் கூப்பிட்டார். நான் கையை ஆட்டினேன். அவர் எனக்குச் செய்த மாதிரியே, சிரித்துக்கொண்டே. கச்சாங் பூத்தே அம்மா அவர் பக்கம் போய் ஏதோ சொல்வதும் தெரிந்தது. பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார், "புது ஜாகாவான்னு கேட்டேன். அந்தம்மா என்னயத் திருடி மாதிரி பாக்குறாங்க லா!"

மகன் தண்ணீர் ஓரமாக வந்தான். "அம்மா, போதும் வா. அத்தை கூப்பிடறாங்க."

ஒரு தடவை கூப்பிட்டால் அது கூப்பிட்டதாகாது. நான் கேட்காதவள்போல நின்றேன். அவன் போய்விட்டு மறுபடி வந்தான். "அம்மா, அத்தைக்கு வெயில் தாங்கல, வாம்மா." பேசாமல் இருந்தேன். ஒரு பெரிய அலை வந்தது, பேத்தியும் நானும் குதித்தோம். மூன்றாம் தடவை அவன் கால்சட்டை நனைய இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் வந்தேன். வழக்கத்தை அவனுக்கு ஞாபகப்படுத்திவிட்டேன்.

"இந்தாங்க, உங்க நகை. எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கங்க" என்று சம்பந்தியம்மா முடிச்சை நீட்டினார். முகத்தின் ஒரு பக்கம் செக்கச்செவேல் என்று வெந்திருந்தது.

எல்லார் முன்னாலும் பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். உள்ளே நேந்திரங்காய் சிப்ஸ். அவர் கொண்டுவந்த இரண்டாவது பொட்டலத்திலிருந்து எடுத்தது. அவர் இறுக்கிப் பிடித்த பிடியில் பாதி தூளாகியிருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"பத்திரமா பாத்துக்கிட்டீங்க சம்பந்தியம்மா. குரங்கு எதுவும் வரலீங்களே?"

சம்பந்தியம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பேத்தி மட்டும் எட்டி ஒரு சிப்ஸை எடுத்துக்கொண்டாள். மகனின் உதட்டோரம் துடித்தது.

"சிரி கண்ணு" என்றேன். "அன்னிக்குச் சிரிச்சியல்ல. சிரி."

அவன் சிரிக்கவில்லை. குனிந்து பைகளை எடுத்தான்.

காரில் ஈரச்சேலையோடு நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அடுப்படிக்கு வந்து, "இப்படியா அத்தை பண்ணுவீங்க? அம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சாம்" என்றாள். "நான் நகைன்னு சொல்லவே இல்லையே சாமி" என்றேன். அது உண்மை. தன் அம்மாவின் முகத்தில் தடவத் தயிர் வேண்டும் என்று கேட்டாள். புளித்த தயிர்தான் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். நல்ல தயிரும் இருந்தது.

அடுத்த ஞாயிறு தண்ணீர்மலைக்குப் போனபோது, மகன் யாரும் சொல்லாமலே அடிவாரத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் படியேறினேன். பாதிவழியில் சம்பந்தியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து நின்றார். அவரைத் தாண்டிப் போகும்போது "முழங்கால் வலிங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனேன்.

அவர் ஊருக்குப் புறப்பட்ட நாள் விமான நிலையத்துக்கு எல்லாரும் போனோம். மகன் தள்ளுவண்டி தேடிப் போயிருந்தான். மருமகளும் பேத்தியும் தண்ணீர் வாங்கப் போனார்கள். பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெகு நேரம் அவர் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, இந்தப் பையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கங்க. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

நான் எழுந்தேன்.

"நானும் அங்கதானுங்க போறேன்" என்று சொல்லிவிட்டு அவரைப் பெட்டிகளோடு விட்டுவிட்டு நடந்தேன்.

உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கையைக் கழுவினேன். சுவரில் காற்று வரும் பெட்டிக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு ஈரம் காயும் வரை நின்றேன். அது நின்றதும், மறுபடி நீட்டினேன்.